குழந்தைக்குக் காய்ச்சல்: சி.ஆர்.பி. 'நார்மல்' என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே கால் வயது. உசிலம்பட்டி பக்கத்தில் கிராமம். ஒரு நாள் நடுராத்திரி 2 மணி வாக்கில் உடம்பு நெருப்பாகச் சுட்டது. விடிந்ததும் டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் எடுத்து சி.ஆர்.பி. என்ற டெஸ்ட் பார்த்ததில் 4 என்று வந்தது. 'நார்மல்தான், வைரஸ் காய்ச்சலாக இருக்கும்' என்று சொல்லி பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பினார். பல் முளைக்கிற காய்ச்சல் என்றார் அப்பத்தா. மறுநாள் ராத்திரி 103 டிகிரி, வாந்தி, பாலைத் தொடவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே சி.ஆர்.பி. 9.6. சிறுநீரில் கிருமித் தொற்று என்று அட்மிட் செய்து ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். 4-க்கும் 9.6-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, முதல் டெஸ்ட்தான் தப்பா? புரோகால்சிட்டோனின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதாமே, அதை எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமா?

பதில்: குழந்தை தேறிவிட்டாள் என்பதே பெரிய நிம்மதி, அம்மா. ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குத் தூக்கி வந்தீர்களே, அதுதான் அவளைக் காப்பாற்றியது.

நீங்கள் அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தேன். முதல் ரிப்போர்ட்டில் 4-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'மி.கி./லிட்டர்' என்று இருக்கிறது. 6 வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் 9.6-க்குப் பக்கத்தில் இருப்பது 'மி.கி./டெசிலிட்டர்', அதில் 0.6 வரைதான் இருக்கலாம். ஒரு லிட்டர் என்பது பத்து டெசிலிட்டர். ஆக, அந்த 9.6-ஐ முதல் லேபின் கணக்கில் சொன்னால் 96. நாலு எங்கே, தொண்ணூற்றாறு எங்கே! ஊசி போட்டது நியாயம்தான். லேபுக்கு லேப் அளவு மாறுவதால் இந்தக் குழப்பம் பலருக்கும் வருகிறது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் அளவையும் சேர்த்துப் படியுங்கள்.

முதல் டெஸ்ட் தப்பா என்றால், இல்லை. அந்த நேரத்தில் அவள் ரத்தத்தில் அவ்வளவுதான் இருந்திருக்கும். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் காலை 7.10 என்று இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி ஐந்து மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. சி.ஆர்.பி. என்பது கிருமி அல்ல; உடம்பில் எங்கேயோ அழற்சி (தொற்றுக்கோ காயத்துக்கோ உடம்பு காட்டும் எதிர்ப்பு) இருக்கிறது என்ற சேதி கிடைத்ததும் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதலில் கண்டார்கள். அது கணக்கில் தெரிகிற அளவுக்கு ஏறவே ஆறு மணி நேரமாவது ஆகும். சில குழந்தைகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். உச்சத்தைத் தொடுவது ஒன்றரை, இரண்டு நாள் கழித்து. வைகை அணையில் ஷட்டரைத் திறந்த உடனே மதுரை யானைக்கல் பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு காய்ந்துதான் கிடக்கும். தண்ணீர் வந்து சேர நேரம் பிடிக்கும். அன்று காலை வந்த 4-ம் அப்படித்தான்.

அதனால் முதல் நாள் பார்த்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், 'இது சீக்கிரம் எடுத்த ரத்தம், நாளைக்கும் காய்ச்சல் நிற்காவிட்டால் திரும்பக் கூட்டி வாருங்கள், இன்னின்ன அறிகுறி தெரிந்தால் அதற்கு முன்பே வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டை விட அந்த ஒரு வார்த்தை முக்கியம் என்பது என் அழுத்தமான எண்ணம். நீங்களும் ஒன்று செய்யலாம்: காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்து, ரத்தம் எடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எண் எவ்வளவு என்றால் பயப்பட வேண்டும்? காய்ச்சலோடு வந்த குழந்தைகளிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், லிட்டருக்கு 20 மி.கி.-க்குக் கீழே இருந்தால் கடுமையான பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்பு குறைவு, 80-க்கு மேல் போனால் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நடுவில் இருப்பவர்களை மறுபடி பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். அடினோ வைரஸ் என்ற சாதாரண வைரஸ் சி.ஆர்.பி.யை நூறுக்கு மேலேகூட ஏற்றிவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. டெங்குவில் இதற்கு நேர்மாறு: சி.ஆர்.பி. பெரும்பாலும் குறைவாகவே இருக்கும், ஆனால் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் ஆபத்தே ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்த குழந்தைக்கு 'சி.ஆர்.பி. கம்மி, கவலையில்லை' என்று விட்டுவிடக் கூடாது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக்கசிவு, கை கால் சில்லிடுவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காடு கரைக்கும் புதர் மண்டிய இடத்துக்கும் போய்வரும் பிள்ளைகளுக்கு உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைபஸ், வருவதுண்டு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் என்று மறைந்திருக்கும். துணியை முழுசாக அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். இதிலும் சி.ஆர்.பி. ஏறும், ஆனால் அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். எந்தக் கிருமி என்று சி.ஆர்.பி. சொல்லாது. அதை டாக்டரின் கண்ணும் கையும்தான் தேட வேண்டும்.

புரோகால்சிட்டோனினும் தொற்று வந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு பொருள்தான்; 1993-லிருந்து பேசப்படுகிறது. இது சி.ஆர்.பி.யை விட வேகமாக, மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். கடுமையான பாக்டீரியா தொற்றில் நன்றாகவே உயரும். மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே என்றால் ஓரளவு தைரியம், 2-க்கு மேல் என்றால் எச்சரிக்கை. பிறந்து இரண்டு மூன்று நாள்வரை அது இயல்பாகவே கூடியிருக்கும் என்பதால் பச்சிளம் குழந்தைக்கு வேறு கணக்கு. பிறந்து 8 முதல் 60 நாள் வரையுள்ள குழந்தைகளின் காய்ச்சலுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டலில் இந்த டெஸ்ட்டுக்கு முக்கிய இடம் இருக்கிறது. ஆனால் சி.ஆர்.பி.யை விடச் செலவு பல மடங்கு. உங்கள் மகளுக்கு அன்றைக்கே காட்டியிருக்குமா? லேசாகக் காட்டியிருக்கலாம், காட்டாமலும் போயிருக்கலாம். காட்டியிருந்தாலும் 'எங்கேயோ தொற்று' என்றுதான் சொல்லும். சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் மட்டும் என்று வருகிற இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நான் முதலில் கேட்பது சிறுநீர்ப் பரிசோதனை. அதற்கு ஆகிற காசும் கம்மி.

பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும், எச்சில் வடியும், உடம்பு லேசாக வெதுவெதுக்கலாம். 103 டிகிரி வராது. இதை அப்பத்தாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் சொன்னார்.

எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே ஆஸ்பத்திரிதான். மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு விட்டால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால், பாலோ தண்ணீரோ எதுவும் இறங்காவிட்டால், அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் தெரிந்தால், 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் கொடுத்து சூடு இறங்கியதா என்பதை வைத்து நோயை எடை போடாதீர்கள். கடுமையான தொற்றிலும் அது இறங்கும். சூடு இறங்கிய பிறகு குழந்தை சிரிக்கிறாளா, கையை நீட்டித் தூக்கச் சொல்கிறாளா என்று பாருங்கள். ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை, கண்ணும் உதடும் சிவந்திருக்கிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், அதையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இனி உங்கள் மகளுக்கு: சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று மதுரை டாக்டரிடம் கேளுங்கள். இந்த வயதில் காய்ச்சலோடு வந்த முதல் சிறுநீர்த் தொற்றுக்கு அது அவசியம். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். அடுத்த முறை காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் ஒரு சொட்டுகூடக் கொடுப்பதற்கு முன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒட்டுகிற பையில் பிடித்தால் தோலில் உள்ள கிருமியும் சேர்ந்துவிடும். தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, அவள் பெய்யும்போது நடுவில் வருவதை லேபில் தருகிற சுத்தமான டப்பாவில் நேராகப் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள்; முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோங்கள்.