ஏடிஎஸ்எல், ஏடிஎஸ்எல்2+, விடிஎஸ்எல்: என்ன வித்தியாசம், வீட்டுக்கு எதை எடுக்கலாம்?

மூன்றுமே டெலிபோனின் செம்புக் கம்பி வழியாக நெட் தரும் வகைகள். இன்னும் இதைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வகையை விடுங்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை கேபிள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். அதை விசாரிக்காமல் ஏமாந்தவன் நான்.

2011இல் எங்கள் வீட்டில் சாதா ஏடிஎஸ்எல். 8 எம்பிபிஎஸ் வரை போகக்கூடியது, எங்களுக்கு வந்தது 2. ஏடிஎஸ்எல்2+ என்றால் 24 வரை வரும் என்று எங்கோ படித்துவிட்டு, அப்பாவிடம் சண்டை போட்டு விலை கூடிய பிளானுக்கு மாறினேன். மறுநாளும் அதே 2. மூன்று புகாருக்குப் பிறகு வந்த லைன்மேன், மோடத்தின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். லைன் அட்டெனுவேஷன், அதாவது கம்பியில் வரும் வழியில் சிக்னல் தேய்ந்த அளவு, 55 டெசிபல். “நாலு கிலோமீட்டர் தம்பி, எந்தப் பிளான் போட்டாலும் இவ்வளவுதான்” என்றார். மாடியில் ஸ்பிளிட்டர் (போன் சிக்னலையும் நெட் சிக்னலையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லாமல் அப்பா இழுத்திருந்த பேரலல் போனையும் கழற்றினார். மணி அடிக்கும்போதெல்லாம் நெட் அறுந்த மர்மம் அன்றுதான் விலகியது.

காரணம் இதுதான். ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் அலைவரிசை 1.1 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2+ அதை 2.2 வரை நீட்டுகிறது. செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட முதலில் சாவது இந்த மேல் அலைகள்தான். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் 2+ வாங்குவது வீண். விடிஎஸ்எல்2 பொதுவாக 17 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுவதால் சில நூறு மீட்டருக்குள் 100 எம்பிபிஎஸ்கூடத் தரும். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் அதுவும் 2+ மாதிரிதான். எஸ்டிஎஸ்எல் என்று இன்னொன்றும் உண்டு, அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் ஒரே வேகம் தருவது, அலுவலகச் சமாச்சாரம்.

வெக்டரிங் இருக்கிறதே என்று கமெண்டில் யாரும் பாய வேண்டாம். அது பக்கத்துக் கம்பியின் இரைச்சலைக் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது. நான் இன்ஜினியர் இல்லை, அடிபட்டவன்.

அப்புறம், கேட்காத ஒன்று. அந்த லைனை சரண்டர் செய்து பல வருடம் ஆகிறது, டெபாசிட் இன்னும் வரவில்லை. மோடத்தை ஒப்படைத்த ரசீதுகூட என்னிடம் இருக்கிறது. கடைசியாகப் போனபோது, கனெக்‌ஷன் தாத்தா பெயரில் இருப்பதால் அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். “சரி, அவர் சார்பா யாராவது அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர்.