பொத்தான் போட்ட அன்று ஏன் மகிழ்ச்சி வரவில்லை?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் 11 ஆண்டுகளாகச் சிறப்புப் பள்ளி ஆசிரியை நான். என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள 9 பிள்ளைகள். சென்ற வாரம் ஒரு சிறுவன் முதல்முறையாகத் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டான். உதவியாளர் கைதட்டினார், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மாலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் இறங்காமல் இருக்கிறேன். கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா?

பதில்: இல்லை அம்மா. கல்நெஞ்சக்காரி இப்படிக் கடிதம் எழுதமாட்டாள்.

உளவியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல், பணிச்சோர்வை மூன்றாகப் பிரிக்கிறது: மனம் வற்றுவது, பராமரிக்கும் மனிதர்களிடமிருந்தே விலகுவது, செய்ததற்குப் பலனில்லை என்று தோன்றுவது. வற்றிய மனம் தன்னைக் காத்துக்கொள்ள மரத்துப்போகிறது. உங்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான். ஆனால் ஜூலை விடுமுறையிலும் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

பொத்தான் போடுவதை அந்தப் பையனுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள்? துளையைக் கண்டுபிடிப்பது, விளிம்பை நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது என்று துண்டு துண்டாக. முதலில் அவன் கைமேல் உங்கள் கை, பிறகு சைகை மட்டும், பிறகு அதுவும் இல்லை. அவனை இவ்வளவு நுணுக்கமாக அளந்த நீங்கள், உங்களை மட்டும் ஆண்டு முடிவின் மதிப்பெண்ணால் அளக்கிறீர்கள். தினமும் பள்ளியைவிட்டுக் கிளம்புமுன் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'இன்று அவன் மணிக்கட்டைத் தொட்டதே போதுமாயிருந்தது.' எழுதும்போது மகிழ்ச்சி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே தாளில் நாளை முதலில் செய்யவேண்டியதையும் குறித்துவிடுங்கள். முடியாத வேலை காருக்குள் உங்களோடு ஏறிவருவது குறையும்.

ஏதாவது ஒரு பிள்ளையிடம் கடி வாங்கிய நாளில் 'என்னால் வகுப்பை அடக்க முடியவில்லை' என்ற எண்ணம்தான் பல்தடத்தைவிட அதிகம் வலிக்கும். கடிக்குமுன் என்ன நடந்தது என்று சக ஆசிரியரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். சத்தமா, வரிசையில் காத்திருந்ததா? காரணம் தெரிந்தால் குற்றவுணர்வு தானாகச் சுருங்கும்.

மூச்சுப்பயிற்சி நல்லதுதான். ஆனால் உதவியாளர் இல்லாத நேரத்தில் ஒன்பது பேரைக் கழிவறைக்குக் கூட்டிப்போகும் ஆசிரியைக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்தும் நிர்வாகத்தைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். எந்த மணிநேரத்தில் ஆள் போதவில்லை என்று இரண்டு வாரம் குறித்து, அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். 'சோர்வாக இருக்கிறது' என்றால் அனுதாபம் கிடைக்கும். '10 மணிக்கு ஓர் ஆள் வேண்டும்' என்றால் அவர் பதில் சொல்லியாகவேண்டும்.