எட்டு மாதம் கழித்துக் கறை படக் கூடாது

எனக்கு வயது 42, ஊர் குடியாத்தம். எட்டு மாதம் முன்பு கர்ப்பப்பை வாயில் சிஐஎன் 3, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லி, மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுக்கும் லீப் செய்தார்கள். ஆறாவது மாதம் எடுத்த டெஸ்டில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் மறுபடி பாசிட்டிவ். இது எங்கிருந்து வந்தது? யூடியூப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. வெள்ளைப்படுதல், இடுப்பு வலி இருக்கிறது. மெடிக்கலில் கேட்டு உள்ளே வைக்கும் மாத்திரை வைக்கிறேன். கணவருடன் சேர்ந்த மறுநாள் இரண்டு தடவை லேசாக ரத்தக்கறை பட்டது. கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார் நாத்தனார். புற்றுநோய் வந்துவிட்டதா?

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை அம்மா. லீப்பில் வெட்டி எடுப்பது கெட்ட செல்கள் இருந்த இடத்தை, வைரஸை அல்ல. அதைப் பெரும்பாலும் உடம்பே பிறகு விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடும், உங்களுக்குத் தங்கியிருக்கிறது. அந்தச் செல்கள் திரும்ப வரலாம் என்பதால்தான் கண்காணிப்பு.

எனக்கு உறுத்துவது அந்தக் கறை. லீப் முடிந்த முதல் சில வாரம் தண்ணீராகவோ பழுப்பாகவோ படும். எட்டு மாதம் கழித்து அந்தச் சமாதானம் செல்லாது. சின்னப் புண்ணாக இருக்கலாம், சதை வளர்ச்சியாக இருக்கலாம், நீங்கள் வைக்கும் மாத்திரையின் எரிச்சலாகக்கூட இருக்கலாம். பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பாசிட்டிவ் வந்தவுடனேயே, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்குப் போயிருக்க வேண்டும். யூடியூபில் இரண்டு மாதம் போய்விட்டது. இந்த வாரமே வேலூருக்கு பஸ் ஏறுங்கள்.

அங்கே கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவுவார்கள். லேசாகச் சுரீர் என்று இருக்கும். ஒரு நிமிடத்தில் மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதை எடுப்பார்கள். லீப் செய்தபோது கொடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்ததா என்று அதில் இருக்கும். டாக்டர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். எச்.பி.வி.யைக் கொல்லும் மாத்திரை எந்த மெடிக்கலிலும் கிடையாது. வெள்ளைப்படுதலையும் அன்றே காட்டிவிடலாம். இடுப்பு வலிக்கும் வைரஸுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். நாத்தனாரிடம் சொல்லுங்கள்: வெறும் பாசிட்டிவுக்காகக் கர்ப்பப்பையை எடுப்பதில்லை, எடுத்தாலும் வைரஸ் பெண்ணுறுப்பின் சுவரில் தங்கியிருக்கலாம்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று புரிகிறது. இந்த வைரஸ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்த டெஸ்டும் சொல்லாது. வீட்டில் விசாரணை வேண்டாம்.

கால்போஸ்கோப்பியில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு வருடத்தில் மறுபடி டெஸ்ட். நெகட்டிவ் வந்த பிறகும் வருடத்துக்கு ஒன்றாக மூன்று தடவை, அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, லீப் செய்ததிலிருந்து குறைந்தது 25 வருடம். மாதவிலக்கு நின்றுவிட்டதே என்று நடுவில் ஃபைலைப் பரணில் போடுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம்.