எல்லோருக்கும் ஒரு ரூம், எல்லா ரூமுக்கும் ஒரு ஈ.எம்.ஐ.

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் மூன்று பெட்ரூம் பிளாட் வாங்கியிருக்கிறோம். அப்பா (73), அம்மா (68, மூட்டு வலி), மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், நான். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 1,18,000. வீட்டுக் கடன் தவணை 41,000. தங்கை வளைகாப்புக்கு வாங்கிய பர்சனல் லோன் 11,400 (இன்னும் 14 மாதம்), கார்டு ஈ.எம்.ஐ. 4,600 (இன்னும் 8 மாதம்). இன்டீரியர் கொட்டேஷன் 14.6 லட்சம் வந்திருக்கிறது. பேங்கில் 12 லட்சம் பர்சனல் லோன், 13 சதவீதம், 5 வருடத்துக்குத் தயார். மீதிக்கு அப்பா தன் 6 லட்சம் எஃப்.டி.யை உடைக்கிறேன் என்கிறார். கையில் உள்ள 4 லட்சம் கிரகப்பிரவேசத்துக்கும் தங்கைக்குச் செய்ய வேண்டிய முறைக்கும். சனிக்கிழமைக்குள் 25,000 டோக்கன் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

உங்களுக்கு வட்டிக் கணக்கு தெரியும், கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் அதைப் பாடமாக நடத்தப் போவதில்லை. நீங்கள் அனுப்பிய கொட்டேஷனைத்தான் இரண்டு முறை படித்தேன். கிச்சன் 3.4 லட்சம், மூன்று ரூமுக்கும் லாஃப்ட்டோடு கப்போர்டு 4.2, ஹால் டிவி யூனிட் 1.6, ஃபால்ஸ் சீலிங் 1.7, பூஜை அலமாரி 60,000, தங்கை வந்தால் தங்கும் ரூமுக்கு ஸ்டோரேஜ் கட்டில் 90,000. ஆக 12.4. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இதில் மூட்டு வலியுள்ள உங்கள் அம்மாவுக்கென்று ஒரு வரி எங்கே? தேடிப் பார்த்தேன், இல்லை.

வீட்டில் யார் எதைக் கேட்டாலும் "சரி, அதையும் சேர்த்துக்கலாம், மாசம் ரெண்டாயிரம்தானே" என்று சொல்லும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. வளைகாப்பு லோன் அப்படி வந்தது, கார்டு ஈ.எம்.ஐ. அப்படி வந்தது, இந்தக் கட்டிலும் அப்படித்தான். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மொத்தத் தொகையை நீங்கள் ஒருநாளும் அவர்கள் முன்னால் சொன்னதில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சொல்லிப் பாருங்கள். 12 லட்சத்துக்குத் தவணை சுமார் 27,300. ஏற்கெனவே 57,000 போகிறது. மொத்தம் 84,300. ஆறு பேருக்கு மிஞ்சுவது 33,700. அதில் ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் மாத்திரை, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ், மளிகை. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 4.4 லட்சம். வரியும் சேர்த்த உங்கள் கிச்சனைவிட அது அதிகம்.

கம்பெனிக்காரர் "நோ காஸ்ட் ஈ.எம்.ஐ." என்று ஒன்றையும் காட்டினாராம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மொத்தமாகப் பணம் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் குறைக்கும் தொகைதான் அந்த வட்டி.

அப்பாவின் எஃப்.டி.யைத் தொடவே கூடாது. முதிர்ந்ததும் அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து 8.2 சதவீதம், 6 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 அவர் கைக்கே வரும். இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது: அப்பாவின் பணம் உங்கள் வீட்டுச் சுவரில் ஏறினால், நாளைக்குத் தங்கை "என் பங்கு?" என்று கேட்பதில் நியாயம் இருக்கும்.

அப்புறம் என்ன செய்வது? முதலில் அப்பா அம்மா பாத்ரூம். வழுக்காத டைல்ஸ், கமோடு பக்கத்திலும் ஷவர் பக்கத்திலும் கைப்பிடி, கொஞ்சம் உயரமான கமோடு, கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே யாராவது விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாள் வையுங்கள். கதவு நிலையை அகலமாக்க நினைத்தால் பில்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மைவான், அதாவது செங்கல் இல்லாமல் அச்சில் ஊற்றிய கான்கிரீட் சுவர் என்றால் கை வைக்க விடமாட்டார்கள். எல்லாம் சேர்த்து 70,000 வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கிச்சன். பில்டர் கிரானைட் மேடை போட்டுத்தானே கொடுத்திருக்கிறார்? அதை உடைத்துவிட்டு மாடுலர் எதற்கு? நல்ல ஆசாரியை வைத்து ஷட்டரும் கூடைகளும் போட்டால் 1.5 லட்சத்துக்குள் முடிக்கலாம். சிங்குக்குக் கீழே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தண்ணீரைத் தாங்கும் 710 கிரேடு பிளைவுட் கேளுங்கள். கொட்டேஷனில் பார்ட்டிகிள் போர்டு என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது ஊறிய ரஸ்க் மாதிரி உப்பிவிடும்.

கிரகப்பிரவேசத்தை நெருங்கிய சொந்தத்தோடு 60,000க்குள் முடியுங்கள். தங்கைக்கு இப்போதைக்கு ஒரு புடவை போதும். இதை அம்மா வாயால் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் வருத்தமாகும். ஆக 2.8 லட்சம் செலவு. மிச்சம் 1.2 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று அப்படியே கிடக்கட்டும்.

கப்போர்டுகள் பிறகு. பழைய வீட்டு இரும்பு பீரோ இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 8 மாதத்தில் கார்டு தவணை முடியும், 14 மாதத்தில் லோன். அதன் பிறகு மாதம் 16,000 மிஞ்சும், வருடத்துக்கு 1.92 லட்சம். வருடத்துக்கு ஒரு ரூம் என்று கடனில்லாமல் செய்யலாம். பிள்ளைகள் இப்போது பாட்டி பக்கத்தில்தான் படுக்கிறார்கள். அவர்கள் தனி ரூம் கேட்கும் வயதில் அந்த மூன்றாவது ரூமைச் செய்தால் போதும். தங்கை வந்தால் இரண்டு மெத்தையைக் கீழே விரியுங்கள். மே மாத லீவுக்கும் தீபாவளிக்கும் வருபவருக்கு ஹைட்ராலிக் கட்டில் தேவையில்லை. ஃபால்ஸ் சீலிங்கை மறந்துவிடுங்கள்.

டோக்கன் ஏற்கெனவே கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், போனது 25,000 மட்டும்தான். அதை மீட்கிறேன் என்று 14.6 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.