பூட்டிய குளியலறையும் அம்மாவின் இடுப்பும்

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. இரண்டு வருடங்களாக வலப்பக்க இடுப்பு மூட்டில் நோவு. தேய்வு என்று எக்ஸ்றே பார்த்த வைத்தியர் சொன்னார். ஆறு மாதமாக மலசலகூடத்துக்குப் போய்ச் சேருமுன்பே சிறுநீர் கழிந்துவிடுகிறது. இரவில் இரண்டு மூன்று தரம் சீலை மாற்றுகிறோம். மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால் இருக்கிறது. அறையோடு சேர்ந்த குளியலறை ஒன்று இருந்தாலும், அது கனடாவிலுள்ள தம்பி குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்பதற்காகக் கட்டியது, பூட்டியிருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அம்மா தண்ணீர் குடிப்பதில்லை. இதற்கு நல்ல மருந்து உண்டா?
வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, மருந்தைப் பற்றி நீர் கடைசி வரியில் கேட்கிறீர். அதற்குரிய பதிலை, "இருந்தாலும்" என்ற சொல்லுக்குப் பின்னால் நீரே எழுதிவிட்டீர். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்காக மிச்சம் 340 நாளும் ஒரு கொமட்டைப் பூட்டி வைத்துவிட்டு, தேய்ந்த மூட்டோடு பெற்ற தாயைக் கிணற்றடி தாண்டி நடக்க விடுகிற வீட்டுக்கு எந்தக் குளிசையை எழுதித் தருவது?

ஒருநாள் இரவு விழித்திருந்து பாரும். கட்டில் விளிம்பில் எழும்பியிருந்து, வலக்காலைக் கையால் தூக்கி நிலத்தில் வைத்து, சுவரைப் பிடித்து நிமிர்ந்து, விறாந்தைப் படியில் ஒவ்வொரு காலாக இறங்கி, ரோச் வெளிச்சத்தில் கிணற்றடிப் பாசியைப் பார்த்துப் பார்த்து அவர் நடந்து முடிவதற்குள் உமது சிறுநீர்ப்பைகூடப் பொறுத்திருக்காது. போய்ச் சேர்ந்தாலும் குந்த முடியாது. தேய்ந்த மூட்டு அந்தளவுக்கு மடியாது. அரைகுறையாகக் குனிந்து நின்று கழித்தால், சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் அடித்தசைகள் தளராமல் மிச்சம் உள்ளே நின்றுவிடும், சற்று நேரத்தில் மறுபடி முட்டும். இந்த நடையில் ஒருநாள் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்தால், பிறகு சீலை மாற்றுவது உமக்குப் பெரிய வேலையாகத் தெரியாது.

இடுப்புக்கும் சிறுநீருக்கும் உள்ள தொடர்பு நடையோடு முடிவதில்லை. இடுப்பெலும்பின் உட்சுவரில் தொடங்கித் தொடையெலும்பின் மேல்முனையில் போய்ப் பிடிக்கும் தசை ஒன்று உண்டு. காலை வெளிப்புறம் திருப்பும் தசைகளில் அதுவும் ஒன்று. சிறுநீர்ப்பையைத் தாங்கும் அந்த அடித்தசைகளின் ஒரு பகுதி, அந்தத் தசையைப் போர்த்திய சவ்வில் கட்டுண்டிருக்கிறது. ஏணை கட்டிய வளை தளர்ந்தால் ஏணையும் தாழும் அல்லவா? மூட்டு நோவால் காலை அசைக்காமல் விட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்து பலம் குறையக்கூடும். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவு குறைந்ததையும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அதை நம்பிச் சத்திரசிகிச்சைக்கு ஓட வேண்டாம், அது மூட்டின் நிலையைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

எலும்பு வைத்தியரிடம் இந்தக் கசிவைச் சொன்னீரா? சொல்லியிருக்க மாட்டீர், நம் பெண்கள் அங்கே மூட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். இந்த முறை சொல்லும். சிறுநீரிலும் இரத்தத்தில் சீனியின் அளவிலும் பரிசோதனை செய்வியும். யாழ் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்டி, அடித்தசைப் பயிற்சியையும் இடுப்புப் பயிற்சியையும் ஒன்றாகக் கேட்டுப் பழகச் செய்யும். அடித்தசையை எட்டுத் தரம் இறுக்கித் தளர்த்துவதை நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். பத்து நாளில் பலன் இல்லையென்று விட்டுவிடாதீர். சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

தண்ணீரை நிறுத்தியது அம்மா தாமே கண்டுபிடித்த வைத்தியம், அதுவும் பிழை. செறிந்த சிறுநீர் பையை உறுத்தும், தண்ணீர் குறைந்தால் வரும் மலச்சிக்கல் அதை மேலும் நெருக்கும். பகலில் தாராளமாகக் குடிக்கட்டும். பின்னேரத் தேத்தண்ணியையும், படுக்க முந்திய இரண்டு மணித்தியாலம் குடிப்பதையும் குறைத்தால் போதும்.

இன்றைக்கே அந்தக் கதவைத் திறந்து, கொமட் அருகே சுவரில் கைபிடி ஒன்று பூட்டி, இரவு முழுதும் எரியும் சிறிய வெளிச்சமும் போடும். அம்மாவின் கட்டிலை அந்த அறைக்கு மாற்றும். ஆவணியில் தம்பி வந்து குளியலறையை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டால், கிணற்றடி மலசலகூடத்தின் வழியைக் காட்டிவிடும். அவருக்கு இடுப்பு நோவு இல்லைத்தானே.