ஜெபித்தும் விழுகிறேனே! – வாசகர் கேள்வி, போதகர் பதில்

கேள்வி: போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். கைப்பேசியில் பணம் வைத்து ரம்மி ஆடி, மனைவியின் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்தவன் நான். 2025-இல் அரசாங்கம் தடை கொண்டுவந்தபோது விடுதலை கிடைத்துவிட்டதென்று சபையில் சாட்சியும் சொன்னேன். இப்போது நண்பர் ஒருவர் வெளிநாட்டுச் செயலி ஒன்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். இரவில் முழங்காலில் நின்று ஜெபித்த பிறகுதான் படுக்கிறேன். ஆனாலும் சம்பளம் வந்த இரவில் விழுந்துவிடுகிறேன். தேவன் ஏன் என்னை இப்படிச் சோதிக்கிறார்? என் ஜெபத்துக்குப் பதில் ஏன் இல்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புச் சகோதரரே, முதல் கேள்விக்கு யாக்கோபு நேரடியாகவே பதில் எழுதியிருக்கிறார்: தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல, அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டுச் சிக்குண்டு சோதிக்கப்படுகிறான். ஆகவே அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் முழங்காலில் நிற்கும்போது உங்கள் கைப்பேசி எங்கே இருக்கிறது?

தலையணைக்கு அருகில், அந்தச் செயலியோடும் சம்பளக் கணக்கோடும் இருக்கிறது என்பது உங்கள் பதிலானால், மத்தேயு நான்காம் அதிகாரத்தின் இரண்டாவது சோதனையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சோதனைக்காரன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தித் தாழக் குதிக்கச் சொல்கிறான். தூதர்கள் தாங்குவார்கள் என்பதற்கு 91-ஆம் சங்கீதத்தையும் சாட்சிக்கு அழைக்கிறான். அந்தச் சங்கீதத்தில் ‘உன் வழிகளிலெல்லாம்’ உன்னைக் காக்கும்படி என்று இருப்பதை அவன் சொல்லாமல் விட்டுவிடுவது கவனிக்கத்தக்கது. நடக்க வேண்டிய வழியில் நடப்பவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதியை, வேண்டுமென்றே குதிப்பவனுக்கும் உரியதாக அவன் திரித்துக் காட்டுகிறான். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்ற உபாகம வசனத்தால் இயேசு அதை மறுத்தார். செயலியைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, ஆடாதபடி என்னைக் காத்தருளும் என்று கேட்கும் ஜெபம், வெளிப்பார்வைக்கு எவ்வளவு பக்தியாகத் தோன்றினாலும், உப்பரிகையின் விளிம்பில் நின்று தூதர்களைக் கூப்பிடும் ஜெபமாகவே இருக்கிறது. உங்கள் ஜெபம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது நிற்கும் இடம் தவறு என்றே சொல்கிறேன்.

சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்தப் போக்கு நள்ளிரவு ஒரு மணிக்கு, மூன்று ஆட்டங்கள் தோற்று, நான்காவதில் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று விரல் நடுங்கும் வேளையில் திறக்கும் என்று காத்திருக்கிறோம். என் ஊழிய அனுபவத்தில் அது பெரும்பாலும் சம்பளம் வரும் மாலையிலேயே திறந்துகிடக்கிறது. அப்போது நமக்கு அது தேவைப்படுவதாகத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடியதை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதற்கு இரண்டு வசனங்கள் முன்பே, போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசியும் அவளுடனே ‘இருக்கவும்’ அவன் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39 சொல்வதை வாசித்துக் கடந்துபோகிறோம். தமிழ்நாடு அரசு 2025-இல் கொண்டுவந்த விதிமுறைகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதற்குத் தடை விதித்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. மனிதன் எந்த வேளையில் பலவீனன் என்பதைச் சட்டம் இயற்றியவர்களே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, விசுவாசியாகிய நாம் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

ஆகவே இந்த மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே செயலியை நீக்குங்கள், சம்பளக் கணக்கின் பொறுப்பை மனைவியிடம் கொடுங்கள், வங்கியில் சொல்லி யுபிஐ வரம்பைக் குறையுங்கள், இரவில் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். அடகு வைத்த நகையைப் பற்றி மனைவிக்கு இன்னும் தெரியாதென்றால் அதையே முதலில் சொல்லுங்கள். சாட்சி சொன்ன சபையில் மறுபடியும் விழுந்ததை எப்படிச் சொல்வது என்ற வெட்கம்தான் உங்களைத் தனிமையில் பூட்டிவைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். மேடை ஏறிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற கட்டளைக்கு நம்பத்தக்க மூப்பர் ஒருவர் போதும். (சாட்சிக் கூட்டங்களில் வென்றவர்களை மட்டுமே பேசவைக்கும் நம் வழக்கத்தையும் சபைகள் யோசிக்க வேண்டும்.) இத்தனைக்குப் பிறகும் கை தானாகப் போகிறதென்றால் அது மருத்துவ உதவி தேவைப்படும் அடிமைத்தனம், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஜெபத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாகிரியுஸ் என்ற துறவி, பெருந்தீனி முதல் பெருமை வரை எட்டு வகைத் தீய எண்ணங்களைப் பிரித்து, ஒவ்வோர் எண்ணம் எழும்போதும் பதிலாகச் சொல்ல வேண்டிய வசனங்களை ஏறக்குறைய ஐந்நூறு எண்ணிக்கையில் தொகுத்துவைத்தார். வனாந்தரத்தில் இயேசு வசனத்தால் பதிலளித்ததே அவருக்கு முன்மாதிரி. சண்டை வந்த பிறகு தேடி எடுப்பதற்காக அல்ல, முன்கூட்டியே நெஞ்சில் இருப்பதற்காகத்தான் அந்தத் தொகுப்பு. உங்களுக்கு ஐந்நூறு வேண்டாம். ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்ற அந்த ஒரே எண்ணத்துக்கு ஒரு வசனத்தை நீங்களே தேர்ந்து மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: ஐயா, அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. ஆனால் மாலையில் பிரித்துக்கொடுக்கும் கவர் என் மேசைக்கும் வருகிறது. வாங்காவிட்டால் காட்டிக்கொடுப்பவள் என்று நினைக்கிறார்கள். வாங்கிக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டால் என்ன?
– ஒரு சகோதரி

பதில்: காணிக்கைப் பெட்டி வேண்டாம், சகோதரி. ஏழை ஒருவரின் பட்டாவை நிறுத்திவைத்துப் பெற்ற பணத்தைக் கர்த்தர் தம் பங்காக ஏற்றுக்கொள்வார் என்று நான் நம்பவில்லை. யோவான் ஸ்நானகனிடம் வந்த, வரி வசூலிப்பவர்களான ஆயக்காரர்கள் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகரிடம், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்றார். நாற்காலியில் இருந்துகொண்டே நேர்மையாய் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான வசனம் எனக்குத் தெரியாது.

மேசைக்கு வந்த பிறகு மறுப்பது கடினம். அப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரித்துக்கொடுப்பவரிடம் காலையில் தனியாக, ‘அண்ணே, நாளையிலிருந்து என் பெயரை விட்டுடுங்க, எனக்கு மனசு கேட்கல’ என்று ஒரே முறை சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு உபதேசம் செய்யாதீர்கள். சில மாதங்கள் தேநீருக்கு உங்களைக் கூப்பிட மாட்டார்கள், கடினமான கோப்புகள் உங்கள் பக்கம் வரும்; அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: என் கணவர் லெந்து காலத்து நாற்பது நாளும் குடிக்கமாட்டார். ஈஸ்டர் அன்று மாலையே தொடங்கிவிடுவார். இதற்குத் தேவனிடத்தில் மதிப்பு உண்டா?
– ஒரு வாசகி

பதில்: மதிப்பு இல்லையென்று சொல்ல நான் யார்? ஆனால் வனாந்தரத்தின் நாற்பது நாள் முடிந்தபோது பிசாசு ‘சிலகாலம்’ விலகிப்போனான் என்றுதான் லூக்கா எழுதுகிறார். ஈஸ்டர் மாலையில் எந்த நண்பர்கள் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கு இப்போதே தெரியும். அந்த மாலையைப் பற்றி பெரிய வெள்ளிக்கு முன்பே அவரோடு சண்டையில்லாமல் பேசுங்கள். ஒன்று மட்டும் கவனம்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். அடுத்த லெந்து காலத்தை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.