வீட்டில் தெரிந்த பாடம் தேர்வறையில் எங்கே போகிறது?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறேன். தினமும் நான்கு மணி நேரம் படிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. ஆனால் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் பாதி மறந்துவிடுகிறது. மதிப்பெண் 60-ஐத் தாண்டுவதே இல்லை. இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பள்ளி நேரம் போக நான்கு மணி நேரம் தாராளம். மாற்ற வேண்டியது படிக்கும் விதத்தை.

"வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது" என்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். ஒரே பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே 'எனக்குத் தெரியும்' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் புத்தகம் கண்முன் இருக்காது. உள்ளே இருப்பதை நீங்களே வெளியே எடுக்க வேண்டும். அதை வீட்டில் பழகியிருக்கிறீர்களா?

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பாடப்பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். இன்னொன்றை ஒரு முறை படித்ததும், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு முறை படித்ததே நன்றாக நினைவில் இருந்தது: 81 சதவீதம், எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டவர்களிடம் நிலைமை தலைகீழ். இரண்டு முறை படித்தது 42 ஆகியிருந்தது. எழுதிப் பார்த்தது 56-இல் நின்றது. தேர்வுக்கு முந்தின இரவு 'எல்லாம் முடித்துவிட்டேன்' என்று தோன்றுவதை ஏன் நம்பக்கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

சரி, இன்றைக்கே இப்படிச் செய்து பாருங்கள். பாடத்தில் ஒரு சிறு பகுதியை இருபது நிமிடம் கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். தடுமாறினால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நிமிடமாவது யோசியுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். நாளை நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளை மட்டும்தான். முதல் சில நாள்கள் அரைப்பக்கம்கூட வராது, மனம் சோர்ந்துவிடும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அந்தத் திணறல் இருக்கும்போதுதான் பாடம் மனதில் ஆழமாகப் பதிகிறது.

அதே பகுதியை மறுநாள், நான்கு நாள் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு அது மெதுவாகிறது என்று கண்டார். அதனால் முதல் திருப்புதலைத் தள்ளிப்போட வேண்டாம்.

கணக்குக்கு வேறு அணுகுமுறை வேண்டும். தீர்த்துக் காட்டிய கணக்கை வாசிப்பது கணக்குப் போட்டதாகாது. விடையை மறைத்துவிட்டு நீங்களே போடுங்கள். ஒரே அத்தியாயத்தில் இருபது கணக்கு போடுவதைவிட, நான்கு அத்தியாயங்களிலிருந்து ஐந்தைந்தாகக் கலந்து போடுவது நல்லது. எந்தச் சூத்திரம் பொருந்தும் என்பதைத் தேர்வில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தவறுகளுக்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'கவனக்குறைவு' என்று எழுதுவதில் பயனில்லை. 'அடைப்பை நீக்கும்போது கழித்தல் குறியை விட்டேன்' என்று குறிப்பாக எழுதினால்தான் அடுத்த முறை கை நிற்கும்.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. அன்று படித்தது நினைவில் உறுதிப்படுவது தூக்கத்தில்தான். படிக்கும்போது செல்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

படித்தும் புரியாத இடம் என்றால் எந்த முறையும் உதவாது. ஆசிரியரிடம் போய் "இந்தப் பாடம் புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரி எப்படி வந்தது?" என்று கேளுங்கள்.

ஆறு வாரம் இப்படிச் செய்யுங்கள். வீட்டில் வெற்றுத்தாளில் நன்றாக எழுதியும், தேர்வறையில் மட்டும் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து எல்லாம் மறந்துபோனால், அது தேர்வு பயம். அப்போது வீட்டிலும் பள்ளி ஆலோசகரிடமும் தயங்காமல் சொல்லுங்கள்.